நாட்டாரும் நாட்டுப்புறமும்: ஒரு பண்பாட்டுப் பெயரின் தோற்றமும் பொருள் மாற்றமும்

ஆய்வுச் சுருக்கம்

ஊரக மக்களின் பாடல், கதை, கூத்து, வழிபாடு ஆகியவற்றைக் குறிக்கத் தமிழ்க் கல்விப்புலத்தில் ‘நாட்டுப்புறம்’, ‘நாட்டார்’ என்னும் இரு சொற்கள் நிலைபெற்றுள்ளன. இரண்டிற்கும் அடிச்சொல் ‘நாடு’. திருத்திய நிலத்தையும் சோழர் காலத்து நிலவுடைமையாளரின் அவையையும் குறித்த இச்சொல், நாகரிகம் அறியாதவரைச் சுட்டும் வசையாகத் தாழ்ந்து, பின்னர் மக்கள் கலைகளுக்கான துறைப்பெயராக உயர்ந்தது. இம்மாற்றங்களை அச்சொல்லின் எதிரே நின்ற சொற்களைக் கொண்டே விளங்கிக்கொள்ள இயலும் என்பதும், துறைப்பெயராக ஏற்கப்பட்டபோது அச்சொல்லின் பழைய அதிகாரப் பொருள் மறைந்ததேயன்றி அழியவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: நாடு, நாட்டார், நாட்டுப்புறம், பட்டிக்காடு, சீமை, நாடோடிப் பாடல், பறை, நாட்டார் வழக்காற்றியல்

முன்னுரை

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ‘நாட்டுப்புறவியல்’ என வழங்கும் துறை, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ‘நாட்டார் வழக்காற்றியல்’ என வழங்குகிறது. ஒரே ஒப்பாரிப் பாடல் ஓர் ஆய்வேட்டில் நாட்டுப்புறப் பாடலாகவும் மற்றோர் ஆய்வேட்டில் நாட்டார் பாடலாகவும் இடம்பெறுகிறது. இவ்வேறுபாட்டைக் கலைச்சொல்லாக்கச் சிக்கலாக மட்டும் கருதிக் கடந்துவிடுவதே பெருவழக்கு. ஆயின் இவ்விரு சொற்களும் ஆய்வாளர் புதிதாகப் படைத்தவை அல்ல. ஆய்வுலகம் அவற்றைக் கைக்கொள்வதற்கு முன்பே அவை ஊரிலும் கல்வெட்டிலும் நீண்ட வாழ்க்கை வாழ்ந்தவை. எவரை உள்ளடக்கி, எவரை வெளியே நிறுத்தி அவை வழங்கின என்னும் வினா, எவருடைய பாடலை இன்று எவர் பெயரால் அழைக்கிறோம் என்னும் வினாவோடு தொடர்புடையது.

நாடும் காடும்

பண்டைய இலக்கியத்தில் ‘நாடு’ என்பதற்கு எதிர்ச்சொல் நகரம் அன்று; காடு. காட்டை அழித்து நாடாக்கியவன் என்று பட்டினப்பாலை கரிகாலனைப் போற்றுகிறது. நிலம் நாடாயினும் காடாயினும் ஆடவர் நல்லவராயின் அதுவும் நல்லதாகும் என்னும் கருத்தமைந்த ஒளவையாரின் புறப்பாட்டும் (புறநானூறு 187) இவ்விரண்டையே எதிரெதிரே நிறுத்துகிறது. திருக்குறள் 74ஆம் அதிகாரத்திற்கு ‘நாடு’ என்றே பெயர். குன்றாத விளைச்சலும் தக்க சான்றோரும் தாழ்வில்லாச் செல்வரும் சேர்வதே நாடு என அங்கு வரையறை அமைகிறது. உழவும் நீரும் ஒழுங்கும் கூடிய நிலம் என்பதே இங்கெல்லாம் பொருள். இச்சொல்லில் பண்படாமை என்னும் குறிப்புக்கு இடமே இல்லை. பண்பட்டது என்பதே அதன் உட்பொருள்.

ஒரு விலக்கையும் இங்குக் கருத வேண்டும். அகப்பாடல்களில் குறிஞ்சித் தலைவன் ‘நாடன்’ எனப்படுகிறான். மருதத் தலைவன் ‘ஊரன்’ எனப்படுகிறான். மலை சார்ந்த நிலமும் நாடே என்பதால், ‘நாடு என்றால் வயல்’ என்று முழுமையாகச் சுருக்கிவிட இயலாது. எனினும் குறிஞ்சி நாடனும் தன் நிலத்தின் தலைவனே. அச்சொல்லில் ஒலிப்பது உரிமையே.

காப்பியங்களில் நாடும் நகரும் அருகருகே வைக்கப்படுகின்றன. புகார் நகரை நீங்கிக் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் சோழநாட்டு வயல்வழியே நடக்கும் பகுதிக்குச் சிலப்பதிகாரம் ‘நாடுகாண் காதை’ எனப் பெயரிடுகிறது. கம்பரின் பாலகாண்டத்தில் ஆற்றுப்படலத்தை அடுத்து நாட்டுப்படலமும் அதன்பின் நகரப்படலமும் அமைகின்றன. ஆறு நாட்டை வளர்க்க, நாடு நகரைத் தாங்குகிறது என்பதே இவ்வரிசையின் பொருள். நகரின் எதிரே நின்றபோதும் நாடு இங்கு இழிவுபடவில்லை என்பது கருதத்தக்கது.

தொழிலால் பெயர்பெற்ற பாடல்கள்

அதே நாடுகாண் காதை இன்று நாட்டுப்புறப் பாடல் எனப்படுவதற்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றையும் தருகிறது. நடவு வயலில் கடைசியர் பாடும் விருந்திற் பாணி, ஏர் பூட்டுவோர் பாடும் ஏர்மங்கலம், களத்தில் நெல் அளக்கும்போது பாடும் முகவைப்பாட்டு ஆகியவை அங்கே வழிநடையாகக் கேட்கின்றன. வாழ்த்துக்காதையில் அம்மானை, கந்துகவரி, ஊசல்வரி, வள்ளைப்பாட்டு ஆகியன வருகின்றன. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் பண்ணத்தியையும் ஆய்வாளர் பலர் இம்மரபின் தொடக்கச் சான்றாகக் காட்டுவர்.

இவற்றுள் எதற்கும் ‘நாட்டு’ என்னும் அடைமொழி இல்லை. பாடல்கள் தொழிலாலும் நிகழ்வாலும் பெயர் பெற்றன. உலக்கை பிடித்தால் வள்ளை, ஊஞ்சல் ஆடினால் ஊசல்வரி. அனைத்தையும் ஒரே கூடையிலிட்டு ‘மக்கள் பாடல்’ எனப் பொதுப்பெயர் சூட்டும் தேவை அக்காலப் புலவர்க்கு எழவில்லை. பாடுவோரைச் சுட்டும்போது தொழிற்பெயரும் குடிப்பெயருமே பயன்பட்டன. நடவுப் பெண்டிரைக் ‘கடைசியர்’ என்றே இளங்கோ குறிக்கிறார். அவர்கள் உழைத்தது நாட்டில். ஆயினும் அவர்கள் நாட்டார் அல்லர். இவ்வேறுபாடு சோழர் ஆவணங்களில் வெளிப்படையாகவே தெரிகிறது.

திருமுகம் பெற்ற நாட்டார்

சோழர் ஆட்சியில் ‘நாடு’ என்பது பல ஊர்கள் சேர்ந்த வேளாண் வட்டாரம். ‘நாட்டார்’ என்பது அவ்வட்டாரத்து நிலவுடைமையாளரின் அமைப்பு. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழநாட்டு அரசியல் புவியியல் பற்றிய ஆய்வு, கல்வெட்டுகளில் வரும் ஊர்ப்பெயர்களை நிலப்படத்தில் பொருத்தி இவ்வட்டாரங்களின் இயல்பை நிறுவியது. ஊரார், சபையார், நகரத்தார், நாட்டார் என்னும் நான்கு சொற்களும் கல்வெட்டில் நான்கு வேறு அவைகளைச் சுட்டுவன. நகரத்தார் வணிகர், சபையார் பிரமதேயத்துப் பிராமணர், நாட்டார் பெரும்பாலும் வேளாளர்.

நாட்டாரின் தகுதியை அறியச் செப்பேடுகளே சிறந்த சான்று. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் வழங்கப்பட்ட செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடும், முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. அரசனின் திருமுகம் நாட்டாரை விளித்து வருகிறது. அவர்கள் அதை எதிர்சென்று வணங்கிப் பெற்றுத் தலைமேல் வைத்து, பெண்யானையை எல்லை வழியே நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்து, அறவோலை எழுதித் தருகின்றனர். நிலத்தின் எல்லையை அறிந்தவர், வரியின் கணக்கை அறிந்தவர், அரசனுக்கும் ஊருக்கும் இடையே நின்றவர் நாட்டார். பிற்காலத்தில் மேழியைச் சின்னமாகக் கொண்ட சித்திரமேழிப் பெரியநாட்டார் என்னும் பேரமைப்பாகவும் இவர்கள் எழுந்தனர்.

இதே காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் வரி விலக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியையும் கம்மாணச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிப்பிடுகின்றன. நாட்டார் எல்லை வகுத்த அதே நிலப்பரப்பில் சேரிகள் குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்து எண்ணப்பட்டன. அச்சேரிகளில் வாழ்ந்தோர் ஓலையில் கையொப்பமிடவில்லை. திருமுகமும் அவர்களை விளிக்கவில்லை.

சோழர் வீழ்ச்சிக்குப் பின்னும் சொல் உயிரோடிருந்தது. கள்ளர் சமூகத்தின் வட்டார அமைப்புகள் நாடு என்றே வழங்கின. நாட்டார் என்பது பட்டப்பெயரும் ஆயிற்று. சிலப்பதிகார உரையாசிரியர் ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் (1884–1944) பெயரில் உள்ளது அப்பட்டமே. நாகப்பட்டினம், காரைக்கால் கடற்கரையின் மீனவ ஊர்களில் ஊர்த்தலைவர்கள் நாட்டார் எனப்படுகின்றனர். நிலமில்லாக் கடலோடிகளிடமும் இச்சொல் தலைமையையே குறித்தது. ‘நாட்டாமை’ என்பதில் ஒலிப்பதும் அதுவே. 1994இல் அப்பெயரில் வந்த திரைப்படத்திற்குப் பெயர் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

சீமைக்கு எதிரே நாடு

சொல்லின் பொருளைத் தலைகீழாக்கியது புதிய எதிர்ச்சொற்களின் வருகையே. முதலாவது சீமை. வடசொல்லான ‘சீமா’ என்பதன் வழி எல்லை, ஆட்சிப்பரப்பு என்னும் பொருளில் வந்த இச்சொல், சிவகங்கைச் சீமை என்றாற்போல உள்ளூர் நிலத்தையே குறித்தது. ஐரோப்பியர் ஆட்சியில் அது கடல்கடந்த நாட்டின், குறிப்பாக இங்கிலாந்தின், பெயராயிற்று. சீமையிலிருந்து வந்ததெல்லாம் சீமைப் பொருள். எஞ்சியதெல்லாம் நாட்டுப் பொருள். சீமை ஓடு – நாட்டு ஓடு, சீமைக்கருவேலம் – நாட்டுக்கருவேலம், சீமைப்பசு – நாட்டுப்பசு என இணைகள் பெருகின. நாட்டு மருந்து, நாட்டுச் சாராயம், நாட்டுப் படகு, நாட்டுத் துப்பாக்கி எல்லாம் இவ்வரிசையில் அடங்குவன.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரின் பேச்சிலும் உள்ளூர்ப் பொருளுக்கு ‘கன்ட்ரி’ என்றும் ஐரோப்பியப் பொருளுக்கு ‘யூரோப்’ என்றும் அடைமொழி வழங்கியதை 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியம் பதிவுசெய்கிறது. வடமொழி வழிவந்த ‘தேசி’யும் அரபு வழிவந்த ‘விலாயதி’யும் வடநாட்டில் செய்த வேலையைத் தமிழில் நாடும் சீமையும் செய்தன. எந்த மொழி எதைப் பெயர்த்தது என்பது இங்கு முதன்மையன்று. உள்ளூரில் செய்தது கரடுமுரடானது, மலிவானது, தரம் உறுதியற்றது என்னும் மதிப்பீடு ‘நாட்டு’ என்னும் அடைமொழியோடு ஒட்டிக்கொண்டது என்பதே முதன்மையானது.

இரண்டாவது எதிர்ச்சொல் பட்டணம். சென்னை வளர்ந்து கல்வி, வழக்குமன்றம், அரசுப்பணி, அச்சகம் ஆகியன அங்குக் குவிந்தபின், நகருக்கு அப்பாலுள்ள நிலம் ‘நாட்டுப்புறம்’ ஆயிற்று. ‘புறம்’ என்பதற்குப் பக்கம், வெளி என்னும் பொருள்கள் உண்டு. கம்பர் காலத்தில் நகரைத் தாங்கிய நாடு, இப்போது நகரின் வெளிப்பக்கம். ‘நாட்டுப்புறத்தான்’ என்பது இருப்பிடத்தைச் சுட்டும் சொல்லாகத் தொடங்கி, நாகரிகம் அறியாதவன் என்னும் வசையாக முடிந்தது. அதன் இன்னும் கூர்மையான வடிவம் ‘பட்டிக்காட்டான்’. பட்டி என்பது ஆநிரை அடைக்கும் இடம், சிற்றூர். உசிலம்பட்டி, கோவில்பட்டி என ஊர்ப்பெயர்களில் வாழும் இச்சொல்லோடு காடும் சேர்ந்தது. எந்தக் காட்டை எதிர்த்து நாடு தோன்றியதோ அந்தக் காடே ஊரகத்தான்மீது மீண்டும் ஏற்றப்பட்டதை இச்சொல்லில் காணலாம்.

இவ்வசையைத் திருப்பி வீசும் முயற்சியும் நிகழ்ந்தது. பி. மாதவன் இயக்கிய ‘பட்டிக்காடா பட்டணமா’ (1972) திரைப்படத்தில் குடுமி வைத்த ஊர்த்தலைவன் நகரத்தில் படித்த மனைவியை வெல்கிறான். படம் பட்டிக்காட்டின் வெற்றியாகவே கொண்டாடப்பட்டது. ஆனால் அந்நாயகன் வசதி படைத்த நிலக்கிழான். வசையைப் பெருமையாக மாற்றும் வாய்ப்பு முதலில் நிலம் உடையவனுக்கே கிட்டியது. அவன் வயலில் கூலி பெறுபவர் அப்பெருமையில் எவ்வளவு பங்குடையவர் என்னும் கேள்வியைப் படம் எழுப்பவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் வந்த பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ தொடங்கி ஊர்ப்புறம் திரையில் பலவகையாக விரிந்தது தனி ஆய்வுக்குரியது.

நாடோடியும் பாமரரும்

ஊரகப் பாடல்களைத் திரட்டும் பணி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரால் தொடங்கியது. சார்லஸ் இ. கோவரின் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் பற்றிய ஆங்கில நூல் 1871இல் வந்தது. கன்னட, படக, குடகு, தமிழ், மலையாள, தெலுங்குப் பாடல்களை மொழிபெயர்த்துத் தந்த அந்நூலில் திருக்குறளுக்கும் ஒரு பகுதி உண்டு. குறளை நாட்டுப் பாடலாகக் கொண்டது இன்று வியப்பளிக்கலாம். ‘மக்கள்’ என்னும் சொல்லின் எதிரே கோவர் எதை நிறுத்தினார் என்று பார்த்தால் வியப்பு நீங்கும். சமற்கிருத வைதிக மரபுக்கு எதிரே நிறுத்தும்போது குறளும் மக்கள் பாட்டாகிவிடுகிறது. எதிர்நிலை மாறினால் எல்லையும் மாறுகிறது.

தமிழில் இத்தொகுப்புகளுக்குப் பெயர் சூட்டியோர் ஒரு சொல்லில் நிலைகொள்ளவில்லை. மு. அருணாசலம் ‘காற்றிலே மிதந்த கவிதை’ (1943) என உருவகத்தால் பெயரிட்டார். பெர்சி மாக்வீன் திரட்டிய பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்துத் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகம் 1958இல் ‘மலையருவி’யாக வெளியிட்டது. கி. வா. ஜ. பெரிதும் கையாண்ட சொல் ‘நாடோடிப் பாடல்’. நாடெங்கும் ஓடிப் பரவியது என அதற்கு நயமான பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் அச்சொல் இப்பொருளில் இயல்பாக வழங்குகிறது. தமிழிலோ நாடோடி என்றதும் வீடின்றி அலைபவரே நினைவுக்கு வருவர். ஆண்டாண்டாய் ஒரே ஊரில் ஒரே வயலில் நடவு செய்பவர் பாடுவதை நாடோடிப் பாடல் என்பது பொருந்தவில்லை.

நா. வானமாமலையின் (1917–1980) நூற்பெயர்கள் இத்தயக்கத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1960இல் அவர் வெளியிட்ட தொகுப்பு ‘தமிழ்நாட்டுப் பாமரர் பாடல்கள்’. 1964இல் வந்த விரிந்த தொகுப்பு ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’. ‘பாமரர்’ என்பது கீழோர், அறிவிலார் என்னும் பொருளுடைய வடசொல். உழைக்கும் மக்களின் வரலாற்றறிவைப் பாடல்களில் தேடிய மார்க்சிய ஆய்வாளர் ஒருவர், அம்மக்களுக்கே அறிவிலார் என்னும் பெயரை இட நேர்ந்தது மொழியின் வறுமையா, பழக்கத்தின் வலிமையா என்று துணிவது எளிதன்று. நான்கே ஆண்டுகளில் அச்சொல் அட்டையிலிருந்து நீங்கிற்று. அவ்விடத்திற்கு வந்தது ‘நாட்டு’. இம்முறை அதன் எதிரே நின்றது சீமையும் அன்று, பட்டணமும் அன்று. ஏட்டில் எழுதப்பட்ட புலவர் இலக்கியம். எனவே வசைப்பொருள் பின்வாங்கியது. 1967இல் அவர் நிறுவிய நெல்லை ஆய்வுக் குழுவும் 1969இல் தொடங்கிய ‘ஆராய்ச்சி’ இதழும் இப்புலத்தைக் கல்வித்துறையின் வாயிலுக்குக் கொணர்ந்தன.

இதே காலத்தில் இலங்கையில் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்து மரபை மேடையேற்றினார். அங்கு ‘நாட்டுக்கூத்து’ என்னும் தொடர் தமிழ்த் தேசியப் பண்பாட்டின் அடையாளமாக மதிப்புப் பெற்றது. மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடி ஆட்டங்களை நகர அவையினர் தம் நாடக மரபாக ஏற்றபோது, ‘நாட்டு’ என்பதில் ஊரகம் என்னும் பொருளைவிடத் தாய்நிலம் என்னும் பொருள் மேலோங்கியது.

இரு துறைப்பெயர்கள்

1980களில் பல்கலைக்கழகங்களில் துறைகள் அமைந்தபோது சு. சக்திவேல், ஆறு. இராமநாதன் முதலியோர் நூல்கள்வழி ‘நாட்டுப்புறம்’ பரவியது. ‘நாட்டார் வழக்காறு’ என்பதைத் தே. லூர்து முதலிய பாளையங்கோட்டை அறிஞர் வலியுறுத்தினர். பிந்தையோரின் வாதம் வலுவானது. ஏதேனும் ஒரு பொதுக்கூறால் இணைந்த எக்குழுவும் ‘மக்கள்’ எனப்படத் தக்கதே என்று ஆலன் டண்டிஸ் 1965இல் எழுதினார். அவ்வாறாயின் ஆலைத் தொழிலாளர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் வழக்காறுகள் உண்டு. ‘புறம்’ என்னும் இடப்பெயர் அவர்களை விலக்கிவிடும். சென்னை நகரத்துக் கானாப் பாடலை நாட்டுப்புறப் பாடல் என்று அழைப்பதில் உள்ள இடர்ப்பாடு யாவர்க்கும் தெரிந்ததே.

இடத்தை நீக்கி மக்களை முன்னிறுத்தியதே ‘நாட்டார்’ என்னும் தேர்வின் சிறப்பு. மரியாதைப் பன்மையும் அதில் உண்டு. நாட்டுப்புறத்தான் என்னும் வசையின் வாடை இல்லை. தொ. பரமசிவன் முதலியோர் ‘சிறுதெய்வம்’ என்னும் தாழ்த்தும் வழக்கை மறுத்து ‘நாட்டார் தெய்வம்’ என எழுதியபோது இச்சொல் ஓர் அறநிலைப்பாடாகவே செயல்பட்டது. அப்பயன் சிறிதன்று. ஆயினும், இச்சொல்லுக்கு முன்பே ஊரில் ஒரு பொருள் இருந்தது என்பதைத் துறை போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

கண்டதேவியில் நாட்டார்

சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீசுவரர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை ஆகிய நான்கு நாட்டார்க்கு மரபுரிமை உண்டு. தேர்வடம் பிடிக்கும் உரிமையைத் தலித் மக்கள் கோரியதால் 1990களின் இறுதியிலிருந்து அத்தேர் வழக்குமன்றம் வரை சென்றது. நெடுங்காலம் ஓடாது நின்ற தேர், உயர்நீதிமன்றத் தலையீட்டிற்குப் பின் 2024 சூனில் பலத்த காவலுக்கிடையே ஓடியது. இவ்வழக்கு தொடர்பான செய்திகளில் ‘நாட்டார்’ என்னும் சொல் யாரைக் குறிக்கிறது என்பதில் ஐயமில்லை. திருமுகம் பெற்ற அவையின் பொருள் அங்கு இன்றும் வாழ்கிறது.

அதே மாவட்டத்தின் ஒரு சேரியில் பாடப்படும் ஒப்பாரியைப் பதிவுசெய்யும் ஆய்வாளர் அதற்கு ‘நாட்டார் பாடல்’ எனத் தலைப்பிடுகிறார். பாடியவருக்கு அத்தலைப்பைப் படித்துக் காட்டினால் அவர் யாரை நினைப்பார்? கல்விப்புலத்தில் ‘நாட்டார்’ எல்லா மக்களையும் தழுவும் சொல். ஊரில் அது பாடியவரின் கைக்கு வடத்தை மறுத்தவரின் பெயர். இவ்விரு பொருள்களும் ஒன்றையொன்று அறியாமல் அருகருகே வழங்குகின்றன. இதை வெறும் ஒலியொப்புமை என்று ஒதுக்குவோரும் இருக்கலாம். ஆனால் இரண்டும் ஒரே சொல்லின் இரு கிளைகளே.

பறையின் வரலாறும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது. சாவுக்கும் அறிவிப்புக்கும் கட்டாய ஊழியமாக அடிக்கப்பட்ட இக்கருவி, கலைவிழா நிகழ்ச்சி நிரலில் ‘தப்பாட்டம்’ என்னும் பெயரோடு நாட்டுப்புறக் கலைகளின் வரிசையில் சேர்ந்தது. கருவியின் பெயரில் சாதி ஒலித்ததால் மாற்றுப்பெயர் பலர்க்கு வசதியாயிற்று. 1990களில் மதுரையில் நடந்த தலித் கலைவிழாக்கள் இதை மறுத்துப் பறையைப் பறை என்றே அறிவித்தன. அதை நாட்டுப்புறக் கலையாக அன்றித் தலித் கலையாக முன்வைத்தன. அடிப்பவர் யார், எந்த நிர்ப்பந்தத்தில் அடித்தார் என்பதைப் பொதுப்பெயர் மறைத்துவிடுகிறது என்பதே அவ்விழாக்களின் குற்றச்சாட்டு. வேறு சில ஊர்களில் சாவுக்குப் பறையடிக்க மறுப்பதே விடுதலை எனக் கருதப்பட்டது. கலையாக்கமா, கைவிடுதலா என்னும் இவ்விவாதம் முடிந்ததாகக் கூற இயலாது.

அடையாள அட்டையில் ஒரு சொல்

பெயரைச் சூட்டியோர் நோக்கம் எதுவாயினும், பெயர் பெற்றோர் அதைத் தம் வழியில் கையாளத் தொடங்கிவிட்டனர். சந்தையில் ‘நாட்டு’ என்பது இன்று விலை கூட்டும் சொல். நாட்டுக்கோழியும் நாட்டுச் சர்க்கரையும் தம் எதிர்ப்பொருளைவிடக் கூடுதல் விலைக்கு விற்கின்றன. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட நகர இளைஞர்களின் வாயில் ‘நாட்டு மாடு’ என்பது போர்க்குரலாயிற்று. அதே ஆண்டுகளில் நாட்டுப்புறம் என்பது மேடையேறிய சொல்லாகவும் ஆகிவிட்டிருந்தது. சென்னைப் பூங்காக்களிலும் தெருக்களிலும் கரகமும் ஒயிலும் பறையும் நிகழ்ந்த ‘சென்னை சங்கமம்’ 2007இல் தொடங்கியது.

அதே 2007இல் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியமும் அமைந்தது. கரகம் ஆடுபவர் தம்மைக் கரகாட்டக்காரர் என்பார், கூத்தாடுபவர் கூத்துக்காரர், ஏற்றம் இறைத்தவர் தம் பாட்டை ஏற்றப்பாட்டு என்றே சொல்வார். சிலப்பதிகாரத்தில் போலவே தொழிலும் நிகழ்வுமே அவர்கள் தம் கலைக்கு இடும் பெயர். ‘நாட்டுப்புறக் கலைஞர்’ என்று அவர்களுள் எவரும் வீட்டில் தம்மை அழைத்துக்கொண்டதில்லை. வாரியத்தின் உறுப்பினர் அட்டை பெறும்போது அச்சொல்லை ஏற்கின்றனர்; அதன்வழியே உதவித்தொகை கேட்கின்றனர். ‘கூத்தாடி’ எனத் தெருவில் ஏளனம் பெற்றவர்க்கு அரசு ஆவணம் ஒன்றில் கலைஞர் எனப் பெயர் வருவது எளிய செய்தியன்று. பட்டணத்தான் வசையாகச் சொன்ன அதே ‘நாட்டுப்புறம்’ இங்கு உரிமைக் கோரிக்கையின் முகவரியாகிவிட்டது.

ஆகவே, இச்சொற்களைக் கைவிட்டு வேறொரு தூய சொல்லைத் தேடுவதால் பயன் விளையும் எனத் தோன்றவில்லை. ‘மக்கள்’, ‘வாய்மொழி’, ‘வட்டாரம்’ என எதை எடுத்தாலும் அதற்கும் ஓர் எதிர்ச்சொல் உண்டு. அதற்கும் விலக்கப்பட்டோர் உண்டு. களத்தொகுப்பில் செய்யத்தக்கது வேறு. ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் துறைப்பெயருக்கு முன்பாகப் பாடியவர் தம் பாட்டுக்கு இட்ட பெயரும், எந்த வேலையின்போது, யாருடைய நிலத்தில், எத்தகைய கூலிக்குப் பாடப்பட்டது என்பதும் எழுதப்பட வேண்டும். வானமாமலை காலத்துத் தொகுப்புகள் முதல் இன்றைய ஒலிப்பதிவுகள் வரை பலவற்றில் ‘நடவுப் பாடல்’ என்ற குறிப்பு உண்டு. யாருடைய வயல் என்ற குறிப்பு மிக அரிது.